சத்தக் கமிட்டியில் மதார் சாகிபு

பனையூரணியில் யார் வீட்டு விசேஷமானாலும் தேதி குறித்த கையோடு மதார் சாகிபுக்குத் தகவல் போய்விடும். காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் பொங்கல், கந்தூரி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய ரேடியோ செட்தான். திருச்சுழியிலிருந்து காரியாபட்டி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் கிடக்கிற ஊர் அது. முஸ்லிம் வீடுகள் ஒரே ஒரு தெரு. அந்தத் தெருவின் கடைசி வீட்டு வாசலில் குழாய் ஒலிபெருக்கிகள் அடுக்கிக் கிடந்தால் மனிதர் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். வாசல் காலியாக இருந்தால் எங்கேயோ ஒரு புளியமரத்தின் உச்சியில் இருக்கிறார்.

சவூதியில், தம்மாமில் ஒரு எலக்ட்ரீஷியனுக்கு எடுபிடியாக இருந்துவிட்டு வந்தவர். ஆம்ப்ளிபயர் வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. செத்துப்போன செட்டுகளைப் பழைய சாமான் கடையில் வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிப் பூட்டிக் கற்றுக்கொண்டார். ஆனால் ஊர் அவரை மதித்தது அதற்காக இல்லை.

குழாய் கட்டப் போகிற ஊரில் அவர் நேராக மரத்தில் ஏறிவிட மாட்டார். முதலில் தெருத்தெருவாக ஒரு சுற்று நடப்பார். பச்சைப்பிள்ளை எந்த வீட்டில், படுக்கையில் கிடக்கிறவர் எந்த வீட்டில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை எந்த வீட்டில் என்று விசாரித்துக்கொண்டு, அந்தப் பக்கம் குழாயின் முதுகு வருகிற மாதிரி கட்டுவார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து, "பாயி, எங்க ஐயாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு" என்றால் மறுபேச்சே கிடையாது. மறுபடி மரமேறி, குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டுத்தான் கீழே இறங்குவார். ஊரில் சாவு விழுந்து துஷ்டி என்றால் விழாக் கமிட்டியைக் கேட்காமலே நிறுத்திவிடுவார். அதனால் பனையூரணியில் யாரும் அவர் செட்டைச் சத்தம் என்று சொன்னதில்லை. "செட்டு பாடுது" என்றுதான் சொல்வார்கள்.

சத்தம் என்றால் அது விமானத்தின் சத்தம்.

ஊருக்குக் கிழக்கே பொட்டலில் முதலில் ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளி வந்தது. தட்டான்பூச்சி மாதிரி சின்ன விமானங்கள் சுற்றிச் சுற்றி வந்தபோது ஜனங்கள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஓடுதளத்தை நீட்டினார்கள். அதைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் எழுந்தது. கண்மாய்க்குப் போகிற வண்டிப்பாதை சுவருக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. அப்புறம் பெரிய விமானங்கள் வந்தன. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஊருக்கு மேலேதான் தாழ்ந்து இறங்கின. மச்சு வீட்டு ஜன்னல் கதவுகள் தாமாக ஆடின. பால்மாடுகள் காலை உதறிச் செம்பைத் தட்டிவிட்டன.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஜனங்கள் போட்ட கூச்சலைப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி என்று ஒரு குழுவை அமைத்தார்கள். 'விமான நிலைய ஒலி மற்றும் விரிவாக்கக் கண்காணிப்புக் குழு' என்று பலகையில் எழுதினார்கள். ஊர் அதைச் சுருக்கிச் 'சத்தக் கமிட்டி' ஆக்கிவிட்டது. பனையூரணிக்கு யாரை அனுப்புவது என்று கேட்டபோது, கோயில் கமிட்டித் தலைவர் கோட்டைச்சாமிதான் மதார் சாகிபைக் கை காட்டினார்.

"சத்தத்துலயே பொழைக்கிற ஆளு. இவர விட்டா வேற யாருக்குத் தெரியும்? போ மச்சான், போயி அவுக குழாயவும் அந்தப் பக்கம் திருப்பிக் கட்டச் சொல்லு."

ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே கையும் தூக்கிவிட்டது.

மதார் சாகிபு மட்டும் சிரிக்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் விடாமல் போனார். மற்ற ஊர்ப் பிரதிநிதிகள் டீயும் வடையும் வரும்வரை இருந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இவர் கடைசித் தீர்மானம் வரை உட்கார்ந்திருப்பார். வண்டிப்பாதையைப் பற்றிக் கேட்டார். குறித்துக்கொண்டார்கள். விமானம் ஊரை விட்டுத் தள்ளி இறங்க முடியாதா என்று கேட்டார். அதையும் குறித்துக்கொண்டார்கள். விமான நிலையத்தின் சார்பில் வருகிற சுற்றுச்சூழல் அலுவலர் செல்வலட்சுமி நல்ல பெண். எழுந்து நின்று பேசும். "ஐயா சொன்னது மினிட்ஸில் இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும். வண்டிப்பாதை மினிட்ஸில் இருந்தது. சுவரும் இருந்த இடத்தில் இருந்தது.

இப்படியே போயிருந்தால் மதார் சாகிபும் ஒருநாள் வடையோடு எழுந்து வரப் பழகியிருப்பார். ஒரு கூட்டத்தில் இரவு விமானங்களைப் பற்றிய பேச்சு வந்தது. சரக்கு விமானங்கள் நடுச்சாமத்தில் வந்து விடிவதற்குள் போக அனுமதி கேட்டிருந்தார்கள்.

அவருடைய மனைவி ஷம்சாத் பேகத்துக்கு வலிப்பு நோய். ஒரே மகள் சனோபர் பிறந்த பிறகு வந்தது. அருப்புக்கோட்டை டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாத்திரை பாதி, தூக்கம் பாதி. தூக்கம் கெட்டா நான் என்ன எழுதிக் கொடுத்தும் பிரயோசனம் இல்ல பாய்" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் தூக்கத்தைப் பொன் மாதிரி வைத்துக் காத்தார்கள். இரவுத் தொழுகையான இஷா முடிந்தால் விளக்கு அணைந்துவிடும். விருந்தாளி வந்தாலும் அதுதான் சட்டம். கடைசியாக வலிப்பு வந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. மதார் சாகிபு அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"எங்க வீட்டம்மாவுக்கு ராத்திரி தூக்கம் கெட்டா உசுருக்கு ஆபத்து. எங்க ஊருக்கு மேல ராத்திரிப் பறக்கக் கூடாது. இத மினிட்ஸுல எழுதாதீக. நிறுத்துங்க."

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரர். சத்தம் போட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். "உணர்ச்சிவசப்பட வேண்டாம் பாய். எல்லாத்தையும் அளந்துதான் முடிவெடுப்போம்" என்றார். செல்வலட்சுமியும் சொன்னது: "ஊர்ல ஒலிமானி வைப்போம் ஐயா. கிராமத்தோட அமைதி கெடும்னு அளவுல வந்தா அனுமதி கெடைக்காது."

மதார் சாகிபுக்கு மனசு ஆறியது. அளக்கட்டும். அளந்தால் தெரிந்துவிடும் என்று நம்பினார்.

அளக்கிற கருவி பங்குனியில் வந்தது. வந்தபோது ஊரில் மாரியம்மன் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டியிருந்தார்கள்.

அந்தக் காட்டில் மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டிவிட்டால் அதை யாரும் மாற்ற முடியாது. காப்புக் கட்டியவன் ஊர் எல்லை தாண்டிப் படுக்க மாட்டான். சாட்டிய அன்று கட்டிய குழாய், முளைப்பாரி கரைகிற வரைக்கும் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் பாடவில்லை என்றால் ஊரில் ஏதோ கேடு என்று பக்கத்து ஊர்க்காரன் பேசுவான்.

வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர் பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டை மாடியில் முக்காலியை நிறுத்தி, அதன் உச்சியில் பஞ்சு உருண்டை மாட்டியதுபோல் ஒரு மைக்கைப் பொருத்தினார்கள். அது பாட்டுக்கு ஓடும், பொங்கல் முடிகிற வாக்கில் வந்து கழற்றிக்கொள்கிறோம், யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். மதார் சாகிபு அந்த மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிரே வேப்பமரத்தில் அவர் கட்டிய குழாய் பாடிக்கொண்டிருந்தது. நேராகக் கோட்டைச்சாமி வீட்டுக்குப் போனார்.

"மாப்ள, இந்த மிசினு பிளேன் சத்தத்தக் கேக்கணும். நம்ம செட்டு பாடிக்கிட்டிருந்தா அது எதக் கேக்கும்? நிறுத்தணும்."

"ஆத்தாளுக்குச் சாட்டிப்புட்டு நிறுத்துறதா? உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றார் கோட்டைச்சாமி. "நீ நிறுத்துனா அருப்புக்கோட்டைல இருந்து வேற செட்டக் கொண்டாருவானுக நம்ம பயலுக. அவன் மரத்துக்கு நாலு பாக்ஸு கட்டுவான். உன் செட்டாச்சும் மனுசன் காதுக்கு அடங்குனது."

அது உண்மைதான். கோயில் வாசலில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் மதார் சாகிபுதான் ஒரு வழி சொன்னார். விமானம் வருவதும் போவதும் பகலில். ஆகவே விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் செட் பாடக்கூடாது. விமானத்தின் சத்தம் சுத்தமாகப் பதிவாகட்டும். இரவில் விமானமே இல்லை. விமானம் இல்லாதபோது மிசின் எதை அளக்கப் போகிறது? பகலில் பாடாததற்கும் சேர்த்து இரவில் விடிய விடியப் பாடட்டும்.

"இதுதான்யா மூளை" என்று கோட்டைச்சாமி தொடையைத் தட்டினார். "ஆத்தாளுக்கும் குறையில்ல, பிளேனுக்கும் குறையில்ல."

ஊரும் ஒத்துழைத்தது. அந்த வருஷம் பகலில் பனையூரணி இருந்த மாதிரி எந்தத் திருவிழாவும் இருந்ததில்லை. பொங்கல் வைக்கிற பெண்கள்கூடக் குலவையை வாய்க்குள்ளேயே விட்டார்கள். விமானம் இறங்குகிறபோது ஜனங்கள் மொட்டை மாடியைப் பார்த்து, "கேட்டுக்கோ, நல்லாக் கேட்டுக்கோ" என்றார்கள். மதார் சாகிபு தினமும் மாடிக்குப் போய் மிசின்மேல் காக்காய் உட்காராமல் பார்த்து, காற்றில் முக்காலி சாயாமல் செங்கல் வைத்துவிட்டு வந்தார். பொழுது சாய்ந்ததும் செட்டை முழு வால்யூமில் திறந்துவிட்டார். கும்மி, ஒயில், நாடகம் என்று ஒவ்வொரு ராத்திரியும் வெளுக்கிற வரைக்கும் போனது. இப்படி ஒரு பொங்கல் கண்டதில்லை என்று ஊர் பேசிக்கொண்டது.

அறிக்கை சில மாதம் கழித்து வந்தது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். பகலில் விமானத்தின் ஒலி அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்றார். அதை மதார் சாகிபு எதிர்பார்த்திருந்தார். அதற்குப் பதில் பேசக் குறிப்பெல்லாம் வைத்திருந்தார். ஆனால் தலைவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"பனையூரணியில் இரவு நேரத்துப் பின்னணி ஒலி, பகலைவிடக் கூடுதலாக உள்ளது. எனவே இரவு விமானங்களால் ஊரின் தற்போதைய ஒலி நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படாது."

மதார் சாகிபு குறிப்புகளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு எழுந்தார்.

"அது நான் அய்யா."

"என்ன நீங்க?"

"அந்தச் சத்தம். என் ரேடியோ செட்டு. பொங்கலுக்குப் போட்டது. எங்க ஊரு ராத்திரி அப்பிடி இருக்காது. நாய் குலைக்கிறதுகூட அடுத்த தெருவுக்குக் கேக்காது."

தலைவர் செல்வலட்சுமியைப் பார்த்தார். அந்தப் பெண் தாள்களைப் புரட்டி, "திருவிழாவுக்கு மைக் பெர்மிஷன் வாங்கியிருக்காங்க சார். இரவு பத்து மணி வரைக்கும்னு இருக்கு" என்றது.

"பாருங்க பாய்" என்றார் தலைவர். "தாள்படி பத்து மணிக்கு உங்க செட்டு நின்னாச்சு. மிசின் அதுக்கப்புறமும் விடிய விடியச் சத்தம் காட்டுது. அப்ப அது உங்க செட்டு இல்ல. ஊரோட சத்தம்."

"இல்லய்யா, பத்து மணிக்கு மேலயும் பாடுச்சு. நான்தான போட்டேன்!"

"நிஜமாவா? அப்ப அது சட்டப்படி குத்தம். போலீஸ் கேஸ் ஆகும். எழுதிக்கிடவா?"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெர்மிஷன் கோட்டைச்சாமி பேரில் வாங்கியது; கேஸும் அவர்மேல்தான் விழும். மதார் சாகிபு வாயைத் திறந்தார், மூடினார், உட்கார்ந்தார். குழு தற்காலிக அனுமதிக்குப் பரிந்துரை செய்துவிட்டு டீயை வரச்சொன்னது.

இரவு விமானம் வர ஆரம்பித்தபோது ஊர் அதைத் திட்டித் தீர்த்தது. பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் வேன் ஏறும்போதே தூங்கி விழுந்தார்கள். ஷம்சாத் பேகம் ஒவ்வொரு விமானத்துக்கும் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அடுத்தது எப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடப்பாள். ஒரு காலையில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனவள் வேலியோரம் விழுந்து, கைகால் வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தாள். நாக்கைக் கடித்துவிட்டிருந்தாள். பார்த்த பெண்கள் ஓடிவந்து சொன்னபோது மதார் சாகிபு காரியாபட்டியில் ஒரு கல்யாண வீட்டில் குழாய் கட்டிக்கொண்டிருந்தார். பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தார்.

டாக்டர் திட்டினார். மகள் சனோபர் அதைவிட அதிகமாகத் திட்டினாள். பாளையம்பட்டியில் தன் வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "அத்தா, நீங்களும் வாங்க. அந்த ஊர்ல எவனுக்குக் காவல் இருக்கீக?" என்றாள். மதார் சாகிபால் போக முடியவில்லை. குழு உறுப்பினர் அந்த ஊராட்சியில் குடியிருக்க வேண்டும் என்பது விதி. அவர் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் பனையூரணிக்காகப் பேச ஆள் கிடையாது. வேறு யாரையும் போடலாமே என்று சனோபர் கேட்டாள். வேறு யாரும் வரத் தயாராக இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு மருத்துவச் சீட்டோடு போனார். தலைவர் பொறுமையாக வாசித்தார்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"மக வீட்ல இருக்காக. அங்க நல்லாத் தூங்குறாக, அல்ஹம்துலில்லாஹ்."

"ரொம்ப நல்லது." தலைவர் செல்வலட்சுமி பக்கம் திரும்பினார். "பாதிக்கப்பட்டவர் இப்போ அந்தப் பகுதியில் வசிக்கவில்லை. புகாரை முடிச்சிடலாம்."

"முடிக்கிறதா? அவ சொந்த வீட்ட விட்டுப் போயிக் கெடக்காய்யா!"

"திரும்பி வந்தாங்கன்னா புதுசா மனு கொடுங்க பாய்."

"வந்து, மறுபடி விழுந்ததுக்குப் பெறகா?"

தலைவர் அடுத்த தாளை எடுத்தார். செல்வலட்சுமி மட்டும் வாசல் வரைக்கும் கூடவே வந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னது: "ஐயா, அறிக்கையை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. அந்த ராத்திரிகள்ல ஒலிபெருக்கி ஓடுச்சுன்னு அரசாங்கத் தாள் ஏதாவது இருந்தா மறு அளவீடு கேட்கலாம். பெர்மிஷன் தாள்ல பத்து மணின்னுதான் இருக்கு."

பத்து மணிக்கு மேல் ஓடியது என்று எந்த அரசாங்கத் தாள் சொல்லும்? டி.வி.எஸ். வண்டியை மிதித்துக்கொண்டு வரும்போதே அவருக்குப் பட்டுவிட்டது. போலீஸ் தாள்தான் சொல்லும்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், என்மேல் கேஸ் போடுங்கள் என்றார். எஸ்.ஐ. காளீஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் பாய், ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கேஸ எடுங்கன்னு வந்து நிக்கான். நீங்க போடச் சொல்லி வாரீங்க. உங்க சத்தத்தால இடைஞ்சல்னு யாரும் புகார் கொடுத்தாங்களா? கொடுத்தா விசாரிக்கலாம். நீங்களே குத்தவாளி, நீங்களே வாதியா நின்னா நான் யார விசாரிக்க?"

ஆகவே புகார் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கோட்டைச்சாமியைக் கேட்டார். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஆத்தா பொங்கலுக்குப் பாடுன செட்டு எனக்கு இடைஞ்சலா இருந்துச்சுன்னு நானே எழுதிக் கொடுக்கவா? நாக்கு அழுகிப் போகும் மச்சான். வேற எது வேணும்னாலும் கேளு."

தெருத்தெருவாகக் கேட்டார். ஒருத்தரும் முன்வரவில்லை. "நீ எங்க வீட்டுப் பக்கம் குழாய் முதுகத்தான காமிச்ச, எனக்கென்ன இடைஞ்சல்?" என்றாள் ஒரு கிழவி. இத்தனை வருஷம் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பிழைத்தது அன்றைக்கு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் பாளையம்பட்டிக்குப் போனார். ஷம்சாத் பேகம் முகம் தெளிந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்கமேல நான் போலீஸ்ல சொல்லணும்?"

"ஆமா."

"உங்க செட்டுச் சத்தத்துல எனக்குத் தூக்கம் வரலன்னு?"

"ஆமா."

"நல்லாத்தான தூங்குனேன். உங்க செட்டு பாடிக்கிட்டிருந்தா நீங்க மரத்துல இருந்து விழுகாம இருக்கீகன்னு நெனைச்சுக்கிட்டுத் தூங்குவேன். அது நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்."

மதார் சாகிபு உருண்டு கிடந்த வெங்காயம் ஒன்றை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.  பிறகு, "பொய்யத்தான சொல்லச் சொல்லுறீக" என்றாள். "வீட்டுக்குப் போகணும்னா இந்த ஒரு வழிதான் இருக்கா?"

"வேற எல்லா வழியும் மினிட்ஸுல இருக்கு."

"என்னைக்குப் போகணும்?" என்றாள் அவள்.

அடுத்த கூட்டம் நடக்கிற நாளாகப் பார்த்து, காலையில் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஆம்ப்ளிபயரைத் துண்டில் சுற்றி வண்டியின் முன்னால் வைத்துக் கொண்டுபோயிருந்தார். எப்படியும் அதைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லுங்கம்மா, என்ன நடந்துச்சு?" என்றாள்.

ஷம்சாத் பேகம் முதலில் தரையைப் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். போகப் போகக் குரல் ஏறியது.

"ராத்திரி பூராம் பாட்டும்மா. பத்து மணிக்கு நிறுத்துன்னு சட்டம் இருக்குன்னு இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் விடிய விடியப் போட்டாரு. சொன்னா கேக்குற ஆளு இல்ல. பெருநாள் அன்னைக்குக்கூட ஊரான் வீட்டு மரத்துல கெடப்பாரு. சோறு ஆறிப்போகும். என் வளகாப்புக்கே இவரு வரல, திருச்சுழியில கட்சிக் கூட்டம். வீட்ல ஒரு ஃபேனு ஓடல வருசக் கணக்கா, ஊருக்கெல்லாம் கரண்டு வேலை பாக்காரு. ஒரு கண்ணு தூங்கலம்மா நான்."

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் நிமிர்ந்து, "ஃபேனையும் எழுதவாம்மா?" என்றார்.

"எழுதுங்க."

தேதிகளை மட்டும் மதார் சாகிபு பக்கத்திலிருந்து திருத்தினார். எத்தனை மணி வரைக்கும் ஓடியது என்பதைத் தெளிவாகப் போடச் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கோட்டைச்சாமிக்குத் தெரியாமல் தானாக ஓட்டியது என்றும் சேர்க்கச் சொன்னார். எஸ்.ஐ. எச்சரிக்கை எழுதி, ரசீது கொடுத்தாள். விசாரணை முடிகிற வரைக்கும் ஆம்ப்ளிபயர் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்று சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

"நீ சொன்னதுல எது எது பொய்யி?"

"தூங்கலன்னு சொன்னது மட்டுந்தான்" என்று சொல்லி ஷம்சாத் பேகம் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

விமான நிலையத்தில் பார்வையாளர் கூடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். கூடத்துக்குச் சுற்றிலும் இரட்டைக் கண்ணாடி. அவள் கண் முன்னால் ஒரு பெரிய விமானம் ஓடி, மூக்கைத் தூக்கி, மேலே போனது. துளிச் சத்தம் இல்லை. பக்கத்தில் நின்ற காவலாளியிடம், "இம்புட்டுத்தானா இது? இங்க பாயப் போட்டா நல்லாத் தூங்கலாம்போலயே" என்றாள்.

உள்ளே ரசீது கை மாறிக் கை மாறித் தலைவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். செல்வலட்சுமி எழுந்து, இது அரசாங்க ஆவணம், மறு அளவீடு செய்யலாம் என்று தெளிவாகச் சொன்னது. தீர்மானம் போட்டார்கள். ஒலிமானி வேறு மாவட்டத்தில் இருப்பதால் அது வந்ததும் முன்னறிவிப்பு இல்லாமல் பொருத்தப்படும். அந்தக் காலத்தில் ஊரில் ஒலிபெருக்கி எதுவும் ஓடினால் இந்தச் சலுகை ரத்தாகும். அதுவரை இரவு விமானங்கள் தற்காலிக அனுமதியில் தொடரும். மதார் சாகிபு எப்போது வரும் என்று கேட்டார். வந்ததும் தெரியும் என்றார்கள்.

ஷம்சாத் பேகத்தைத் திருச்சுழியில் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஊருக்கு வந்தார். வீட்டுக்குப் போகாமல் கோட்டைச்சாமி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். கோட்டைச்சாமி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"அப்ப மிசினு வந்து போற வரைக்கும் ஊருல எவனும் குழாய் கட்டக் கூடாது?"

"கட்டக் கூடாது. நான் கட்டுறதுக்கு எங்கிட்டச் செட்டும் இல்ல. அருப்புக்கோட்டை செட்டக் கொண்டாந்துராம நீதான் பாத்துக்கிடணும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"அத அவுக சொல்லல."

"எலே, எம் பேரனுக்கு வர்ற மாசம் காதுகுத்து! சம்பந்தகாரனுக பாளையம்பட்டில இருந்து வந்து எறங்குறப்ப ஒரு பாட்டு பாட வேணாமா? எழவு வீடு மாதிரியா இருக்கும்?"

மதார் சாகிபு வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். கோட்டைச்சாமி வாளியைத் தரையில் டங்கென்று வைத்தார். விமானத்தைத் திட்டினார், கமிட்டியைத் திட்டினார், பகல்-ராத்திரி என்று யோசனை சொன்ன மூளையைத் திட்டினார். அப்புறம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே,

"சரி, போய்த் தொலையுது. பொம்பளைகள விட்டு வாயாலயே பாடச் சொல்லிக்கிறேன்" என்றார். "குலவைய அந்த மிசினு அளக்காதுல்ல?"

"அளக்கும் மாப்ள" என்றார் மதார் சாகிபு.